மூக்கில் ஒரு பெயர்... வயிற்றில் வேறு பெயர்! பழைய டிராக்டரின் இன்ஜினை உண்மையில் செய்தது யார்?

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களும், வாங்க நினைப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்ஜின் ஜாதகம்

ஸ்பேர் கடை கவுன்ட்டரில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது.

“அண்ணே, பழைய மாஸி வண்டிக்கு லைனர் செட் ஒண்ணு வேணும்.”

“எந்த இன்ஜின்?”

“மாஸி இன்ஜின்தான்.”

“மாஸி வண்டி சரி. இன்ஜின் யாருதுன்னு கேட்கிறேன். நம்பர் எடுத்துட்டு வந்தீங்களா?”

நம்பர் எடுத்துவராதவர் குத்துமதிப்பாக ஒரு செட்டை வாங்கிப் போவார். பட்டறையில் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பிஸ்டனை லைனருக்குள் இறக்கும்போதுதான் அளவு பொருந்தாதது தெரியும். நாற்று தயாராக நிற்கும். சேற்று உழவு பாதியில் நிற்கும். வண்டியோ பட்டறையில் படுத்திருக்கும். அந்த நேரத்தில் வாடகை டிராக்டருக்குக் கொடுக்கும் பணத்தில், இன்னொரு லைனர் செட்டே வாங்கிவிடலாம்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சின்ன நம்பிக்கைதான். பானட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் இன்ஜினையும் செய்திருப்பார் என்ற நம்பிக்கை. டிராக்டர் உலகத்தில் இது பல நேரம் தவறாகிவிடுகிறது. கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் ஒருவருடையது, பம்ப் இன்னொருவருடையது, இன்ஜின் மூன்றாமவருடையது. பானட்டில் இருப்பது, வண்டியை விற்ற நிறுவனத்தின் பெயர் மட்டுமே.

இதற்கு உலகிலேயே சிறந்த உதாரணம், ‘சின்ன சாம்பல் நிற ஃபெர்கி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர். இன்று நம் வயல்களில் ஓடும் மாஸி ஃபெர்குசன் வண்டிகளின் பாட்டன் இவர்தான்.

இன்ஜின் செய்யாத ஃபெர்குசன்

ஹாரி ஃபெர்குசன், அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இன்று உலகம் முழுக்க எல்லா டிராக்டர்களின் பின்னாலும் இருக்கும் ‘த்ரீ பாயின்ட் லிங்கேஜ்’ என்ற மூன்று முனை இணைப்பையும், அதைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் முறையையும் டிராக்டருக்குள் முழுமையாகக் கொண்டுவந்தவர். அதற்குமுன், டிராக்டர் என்பது மாட்டுக்குப் பதிலாகக் கலப்பையை இழுத்துக்கொண்டு போகும் ஒரு வண்டி. கலப்பை கல்லில் சிக்கினால், முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் உயிரிழந்த சம்பவங்கள் பல. ஃபெர்குசன் முறையில் கலப்பையும் டிராக்டரும் ஓர் உடலாகிவிட்டன. மண்ணின் எதிர்ப்பே டிராக்டரை அழுத்திப் பிடித்து, பின்சக்கரத்துக்குப் பிடிமானம் கொடுத்தது. எடை குறைந்த வண்டியால் கடினமான உழவு செய்ய முடிந்தது.

அவருடைய மேதைமை இருந்தது இருக்கைக்குப் பின்னால். இருக்கைக்கு முன்னால் இருக்கும் இன்ஜினை அவர் எப்போதும் வெளியில் இருந்துதான் வாங்கினார்.

1933-ல் அவர் செய்த முதல் சோதனை டிராக்டருக்குக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். அதில் இருந்தது ஹெர்குலிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இன்ஜின். 1936-ல் டேவிட் பிரவுன் நிறுவனத்துடன் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஏ’ வகை டிராக்டரில், ஆரம்பத்தில் கோவென்ட்ரி கிளைமாக்ஸ் இன்ஜின். பிறகு டேவிட் பிரவுனே செய்த இன்ஜின். ஒரே மாடல், வெளியில் பார்த்தால் ஒரே வண்டி, உள்ளே இரண்டு பேருடைய இன்ஜின்!

1938-ல் அமெரிக்கா சென்ற ஃபெர்குசன், ஹென்றி ஃபோர்டைச் சந்தித்தார். ஃபெர்குசனின் லிங்கேஜை ஃபோர்டு தன் டிராக்டரில் பயன்படுத்துவது என்று இருவரும் கைகுலுக்கினார்கள். எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இல்லை. அடுத்த ஆண்டே ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. அதில் இருந்த நான்கு சிலிண்டர் இன்ஜின், ஃபோர்டின் மெர்க்குரி காரில் இருந்த எட்டு சிலிண்டர் இன்ஜினின் பாதி என்றே சொல்லலாம். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓட்ட நீளமும் இரண்டுக்கும் ஒன்று. கார் உதிரிபாகம் ஊரெல்லாம் கிடைத்ததால், டிராக்டர் பராமரிப்பும் எளிதானது.

வாய்மொழி ஒப்பந்தம் ஹென்றி ஃபோர்டின் பேரன் காலத்தில் முறிந்தது. ஃபெர்குசனை விலக்கிவிட்டு, அதே ஹைட்ராலிக் முறையோடு ஃபோர்டு புது டிராக்டரை விற்றது. 25 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு ஃபெர்குசன் வழக்கு போட்டார். 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

விமான இன்ஜின் ஆலையில் பிறந்த டிராக்டர்

இங்கிலாந்து திரும்பிய ஃபெர்குசன், தனக்கென ஒரு டிராக்டரைச் செய்து தர ஆள் தேடினார். இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரம். கோவென்ட்ரி நகரில் ‘பேனர் லேன்’ என்ற இடத்தில் ஒரு பெரிய ஆலை வேலையில்லாமல் கிடந்தது. போர்க்காலத்தில் விமான இன்ஜின் செய்த ஆலை அது. அதை நிர்வகித்தது, கார் தயாரிக்கும் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். வடிவமைப்பும் விற்பனையும் ஃபெர்குசனுடையது. தயாரிப்பு ஸ்டாண்டர்டுடையது என்று பேசி முடித்தார்கள். 1946-ல் டி.இ.20 டிராக்டர் வெளியே வந்தது.

அப்படியானால், அதன் இன்ஜினைச் செய்தது ஸ்டாண்டர்டுதானே?

ஆரம்பத்தில் இல்லை. ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் புது இன்ஜின் அப்போது தயாராகவில்லை. அதனால், அமெரிக்காவின் கான்டினென்டல் நிறுவனம் செய்த ‘இசட்-120’ பெட்ரோல் இன்ஜின்களைக் கப்பலில் வரவழைத்துப் பொருத்தினார்கள். ‘120’ என்பது கன அங்குலக் கணக்கில் இன்ஜினின் கொள்ளளவு. அதாவது, சுமார் 2 லிட்டர். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் டாலர் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. உள்நாட்டு இன்ஜினுக்கு மாற வேண்டிய கட்டாயம் அதனாலும் கூடியது.

ஸ்டாண்டர்டின் சொந்த இன்ஜின் தயாரானதும், 1948-க்குள் கான்டினென்டல் இன்ஜின் விடைபெற்றது. புது இன்ஜின் பொருத்திய பெட்ரோல் வண்டிக்கு டி.இ.ஏ.20 என்று பெயர். நடுவில் சேர்ந்த அந்த ‘ஏ’ என்ற ஒரே ஓர் எழுத்துதான், ‘இன்ஜின் செய்தவர் மாறிவிட்டார்’ என்று சொல்லும் அடையாளம். பானட், சக்கரம், சாம்பல் வண்ணம், மூக்கில் இருக்கும் ஃபெர்குசன் பெயர்... எதுவும் மாறவில்லை.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1948 முதல் ஃபெர்குசன் தானே ஒரு ஆலை வைத்து டி.ஓ.20 என்ற டிராக்டரைச் செய்தார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளை. ஆனால், அதில் தொடர்ந்து கான்டினென்டல் இன்ஜின்தான். ஆக, ‘சாம்பல் நிற ஃபெர்குசன் 20’ என்று மட்டும் சொன்னால், இன்ஜின் எந்தக் கண்டத்தில் செய்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் கூத்து

இங்கேதான் விவசாயியின் பணப்பை சம்பந்தப்படுகிறது.

கான்டினென்டல் இன்ஜினின் சிலிண்டர் விட்டம் சுமார் 81 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஓட்டம் சுமார் 95 மில்லிமீட்டர். ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் முதல் டிராக்டர் இன்ஜினுக்குச் சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர். ஓட்டம் 92 மில்லிமீட்டர். பழைய பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால், ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றில் போடவே முடியாது. பின்னர் ஸ்டாண்டர்டே தன் இன்ஜினின் விட்டத்தை 85 மில்லிமீட்டராக உயர்த்தியது. கொள்ளளவு 1,850 சி.சி-யில் இருந்து 2,088 சி.சி ஆனது. ஆக, ஒரே குடும்பத்து வண்டிக்கு மூன்று விதமான பிஸ்டன்.

அமெரிக்க ஃபோர்டு 9என் இன்ஜினும், கான்டினென்டல் இசட்-120 இன்ஜினும் இதற்கு நேர்மாறான கதை. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம், ஓட்டம், கொள்ளளவு மூன்றும் ஒன்றே. ஆனால், ஃபோர்டில் வால்வுகள் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். கான்டினென்டலில் ஹெட்டில் இருக்கும். ஹெட், கேஸ்கட், வால்வு எதுவும் ஒத்துப்போகாது. ‘அளவு ஒன்றுதானே, இன்ஜினும் ஒன்றாகத்தான் இருக்கும்’ என்ற கணக்கும் தப்பு. ‘வண்டி ஒன்றுதானே, அளவும் ஒன்றாகத்தான் இருக்கும்’ என்ற கணக்கும் தப்பு.

காரில் டிராக்டர் இன்ஜினா... டிராக்டரில் கார் இன்ஜினா?

ஸ்டாண்டர்டு இன்ஜினைப் பற்றி ஒரு சுவையான சச்சரவு இன்றும் உண்டு. இதே இன்ஜின் குடும்பம்தான் ஸ்டாண்டர்டு வான்கார்டு காரிலும் ஓடியது. பிறகு டிரையம்ப் டி.ஆர்.2 என்ற பந்தயக் காரிலும், 83 மில்லிமீட்டர் சிலிண்டரோடு ஓடியது. அதனால், ‘டி.ஆர்.2 காரில் இருப்பது டிராக்டர் இன்ஜின்’ என்று கேலி பேசுபவர்கள் உண்டு. ‘இல்லை, கார் இன்ஜினைத்தான் டிராக்டரில் போட்டார்கள்’ என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு.

உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காரும் டிராக்டரும் ஒரே நிறுவனத்தில் தயாராக இருந்ததால், இரண்டையும் மனதில் வைத்தே ஸ்டாண்டர்டு பொறியாளர்கள் அந்த இன்ஜினை உருவாக்கினார்கள். அதன் லைனர்கள் கழற்றி மாட்டக்கூடியவை. நேராகத் தண்ணீரில் நனைந்தபடி நிற்பவை. இதை ‘வெட் லைனர்’ என்பார்கள். பிளாக்கை அப்படியே வைத்துக்கொண்டு, லைனரை மட்டும் மாற்றினால் 80, 83, 85 என்று வெவ்வேறு அளவில் இன்ஜின் கிடைக்கும். டிராக்டருக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்று பிரிக்க இது வசதியாக இருந்தது.

ஆனால், ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காரில் இன்ஜின், சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கும். ஃபெர்குசன் டிராக்டரில் சேஸிஸே கிடையாது. முன்பக்க ஆக்ஸிலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இன்ஜினே முதுகெலும்பாக நிற்கும். அதனால், டிராக்டர் இன்ஜினின் ஆயில் சம்ப் தகரம் அல்ல, கனமான வார்ப்பிரும்பு. எனவே, கார் இன்ஜினைத் தூக்கி அப்படியே டிராக்டரில் வைக்க முடியாது. உள்பாகங்களில் உறவு உண்டு, வெளியுடம்பு வேறு.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த வான்கார்டு கார், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தால் சென்னையில் பூட்டி விற்கப்பட்டது. ஃபெர்குசனின் பங்காளி இன்ஜின், நம் ஊர்ச் சாலைகளில் கார் இன்ஜினாக ஓடியிருக்கிறது.

1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரியின் குழு, ஃபெர்குசன் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டே தென்துருவத்தை அடைந்தது. உலகம் ஃபெர்குசனைப் பாராட்டியது. பனியில் உறைந்துபோகாமல் ஓடிய அந்த இன்ஜின்களைச் செய்தது ஸ்டாண்டர்டு என்பது பலருக்குத் தெரியாது.

மண்ணெண்ணெய், டீசல்... மீண்டும் புதுக் கைகள்

பெட்ரோல் விலை கூடுதல் என்பதால், மண்ணெண்ணெய் போன்ற மலிவு எரிபொருளில் ஓடும் டி.இ.டி.20 வந்தது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மலிவு எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நம் ஊரில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய சின்ன பம்ப்செட்களை இயக்கியவர்களுக்கு இந்த வித்தை கைவந்த கலை.

அடுத்தது டீசல். 1951-ல் டி.இ.எஃப்.20 வந்தது. இதன் டீசல் இன்ஜினைத் தயாரித்தது ஸ்டாண்டர்டு. வடிவமைத்தது ஃப்ரீமன் சாண்டர்ஸ் என்ற டீசல் வல்லுநர். ‘யார் செய்தது’ என்ற கேள்விக்கு இங்கே மூன்று பதில்கள்: பெயர் ஃபெர்குசனுடையது, ஆலை ஸ்டாண்டர்டுடையது, மூளை சாண்டர்ஸுடையது.

இதே காலத்தில் இன்னொருவரும் களத்தில் இருந்தார். 1932-ல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் ஃப்ராங்க் பெர்கின்ஸ் தொடங்கிய டீசல் இன்ஜின் நிறுவனம் அது. மூன்று சிலிண்டர் கொண்ட தன் ‘பி3’ இன்ஜினை, பழைய ஃபெர்குசன் வண்டிகளில் பொருத்திக்கொள்ளும் வகையில் பெர்கின்ஸ் விற்றது. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றிக்கொண்டார்கள் விவசாயிகள். பெயர்ப்பலகையில் ‘பெட்ரோல் வண்டி’ என்று இருக்கும். பானட்டைத் திறந்தால் பெர்கின்ஸ் டீசல் சிரிக்கும். அப்படிப்பட்ட வண்டிகளில் எழுத்தையும் எண்ணையும் மட்டும் நம்பினால் ஏமாற்றமே.

1956-ல் தயாரிப்பு முடிந்தபோது, பேனர் லேன் ஆலையில் இருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டி.இ.20 வகை டிராக்டர்கள் வெளியேறியிருந்தன.

மாஸி 35: நான்கா, மூன்றா?

1953-ல் ஃபெர்குசன் தன் தொழிலை, கனடாவின் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைத்தார். பின்னர் அது ‘மாஸி ஃபெர்குசன்’ ஆனது. 1956-ல் ‘35’ என்ற புது டிராக்டர் வந்தது. டீசல் வண்டியில் இருந்தது ஸ்டாண்டர்டின் ‘23சி’ என்ற நான்கு சிலிண்டர் இன்ஜின். குளிர்காலத்தில் காலையில் கிளம்ப மறுக்கும் என்று இங்கிலாந்து விவசாயிகளிடம் இது கெட்ட பெயர் வாங்கியது.

1959-ல் மாஸி ஃபெர்குசன் இரண்டு முக்கிய முடிவுகளை எடுத்தது. பேனர் லேன் டிராக்டர் ஆலையை ஸ்டாண்டர்டிடம் இருந்து வாங்கியது. பெர்கின்ஸ் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. அதன் பிறகு, மாஸி 35-க்குள் பெர்கின்ஸ் ‘ஏ3.152’ மூன்று சிலிண்டர் இன்ஜின் குடியேறியது. 3 என்பது சிலிண்டர் எண்ணிக்கை. 152 என்பது கன அங்குலக் கொள்ளளவு. அதாவது, சுமார் 2.5 லிட்டர். சட்டென்று கிளம்பும், இழுவை அதிகம், பழுது குறைவு என்று உலகம் முழுக்கப் பெயர் எடுத்தது. அடுத்து வந்த மாஸி 135-லும் இதன் நேரடி இன்ஜெக்‌ஷன் வகையே தொடர்ந்தது.

வெளித்தோற்றத்தில் இரண்டும் சிவப்பு பானட் போட்ட மாஸி 35-தான். ஆனால், இன்று பழைய வண்டி வாங்குபவர்கள் இங்கிலாந்திலேகூட, ‘மூன்று சிலிண்டரா?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கண்டுபிடிப்பது மிக எளிது. ஹெட்டுக்குப் போகும் இன்ஜெக்டர் குழாய்களை எண்ணினால் போதும். நான்கு என்றால் ஸ்டாண்டர்டு. மூன்று என்றால் பெர்கின்ஸ்.

செம்பியத்தில் துடித்த இதயம்

மாஸி ஃபெர்குசனுடன் கூட்டுச் சேர்ந்து, 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்டது ‘டாஃபே’ நிறுவனம். தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு ‘மாஸி’ என்றால் டாஃபேதான். ஆனால், அந்த வண்டிகளின் இன்ஜினில் இருக்கும் பெயர் ‘சிம்சன்’.

1840-ல் குதிரை வண்டிகள் செய்யத் தொடங்கிய சென்னை நிறுவனம் சிம்சன். காலத்தோடு கார், பஸ் பாடி என்று வளர்ந்து, 1950-களில் பெர்கின்ஸ் உரிமத்தின்கீழ் டீசல் இன்ஜின் தயாரிப்பில் இறங்கியது. டாஃபே, சிம்சன், பிஸ்டன் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸ் மூன்றும் அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தவை. பீட்டர்பரோவில் வரைந்த இன்ஜினுக்கு, வடசென்னை செம்பியத்தில் உயிர் கொடுத்தார்கள் நம் ஊர்த் தொழிலாளர்கள்.

சிம்சன் இன்ஜின்களின் பெயரிலேயே தகவல் ஒளிந்திருக்கிறது. மாஸி 1035-ல் வரும் ‘எஸ்324’ என்றால், 3 சிலிண்டர், 2.4 லிட்டர் வகை. மாஸி 241-ல் வரும் ‘எஸ்325’ என்றால், 3 சிலிண்டர், 2.5 லிட்டர் வகை. பெர்கின்ஸின் பழைய கணக்கிலும் இதே இரண்டு அளவுகள் உண்டு. 144 கன அங்குல பி3 இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 88.9 மில்லிமீட்டர். 152 கன அங்குல இன்ஜினின் விட்டம் 91.4 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓட்டம் இரண்டுக்கும் 127 மில்லிமீட்டர். கவுன்ட்டரில் ‘மாஸி லைனர் செட்’ என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் ஏன் திருப்பிக் கேள்வி கேட்கிறார் என்பது இப்போது புரியும்.

மற்ற வண்டிகளின் கதை

ஃபெர்குசன் மட்டும் அல்ல. நம் நாட்டில் பல பழைய டிராக்டர்களுக்கு இப்படி ஒரு பூர்வீகம் உண்டு.

துர்காபூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வடிவமைப்பில், 1974-ல் பஞ்சாபில் இருந்து வந்த ஸ்வராஜ், உள்நாட்டுத் தொழில்நுட்பத்துக்குப் பெருமை சேர்த்த டிராக்டர். அதில் ஓடியது கிர்லோஸ்கர் இன்ஜின். பின்னர் கிர்லோஸ்கர் கூட்டுறவோடு, ‘ஸ்வராஜ் இன்ஜின்ஸ்’ என்ற தனி நிறுவனமே உருவானது. எச்.எம்.டி. டிராக்டர்களின் வேர், செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர். மஹிந்திராவின் பழைய பி-275 வண்டிக்கு வேர், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். 1959-ல் ஃபரீதாபாத்தில் இருந்து வெளிவந்த ஐச்சர், ஜெர்மனியின் ஐச்சர் குடும்ப நிறுவனத்துடன் சேர்ந்து செய்தது. ரேடியேட்டரே இல்லாமல் காற்றில் குளிரும் இன்ஜின் அதன் அடையாளம்.

தெரிந்து என்ன பயன்?

முதல் பயன், செலவுக் கணக்கு. வெட் லைனர் இன்ஜினில் பழைய லைனரை வெளியே எடுத்துப் புதிதை இறக்குவது, நல்ல மெக்கானிக் இருந்தால் களத்திலேயே முடியும் வேலை. ஆனால், அடியில் இருக்கும் கேஸ்கட் சரியாக உட்கார வேண்டும். லைனரின் மேல்விளிம்பு பிளாக்கைவிட இம்மியளவு உயர்ந்து நிற்க வேண்டும். இதில் பிசகினால் தண்ணீர் ஆயிலில் இறங்கிவிடும். பெர்கின்ஸ் வழி வந்த மூன்று சிலிண்டர் இன்ஜின்களில் இருப்பது ‘டிரை லைனர்’. தண்ணீர் நேரடியாகப் படாது. பிளாக்குக்குள் இறுக்கமாக உட்காரும். இதை அழுத்தி இறக்கவும் போர் அளவு பார்க்கவும் லேத் பட்டறை வேண்டும். இன்ஜின் யாருடையது என்று தெரிந்தால், எந்த வேலைக்கு எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது பயன், சட்டப் பாதுகாப்பு. பழைய வண்டிகளில் இன்ஜின் மாற்றுவது சகஜம். மாற்றிய இன்ஜினின் எண், ஆர்.சி. புத்தகத்தில் முறைப்படி ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் இழப்பீடு, வங்கிக் கடன் எல்லாவற்றிலும் முட்டுக்கட்டை வரும். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்துவிட்டால், வாங்கியவர் காவல் நிலையப் படி ஏற வேண்டிவரும்.

மூன்றாவது, விலை. ‘ஒரிஜினல் இன்ஜின்’ என்று சொல்லி விலையை ஏற்றும் தரகர்கள் உண்டு. அந்த மாடலுக்கு, அந்த ஆண்டில், யாருடைய இன்ஜின் வந்தது என்று தெரிந்தவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

பழைய டிராக்டர் வாங்கும் முன்... 7 சோதனைகள்!

1. பானட் பெயரை மறந்துவிடுங்கள். பிளாக்கில் பொறித்திருக்கும் இன்ஜின் எண்ணைத் தேடுங்கள். டீசல் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் எழுத்து தெரியும். கிரைண்டர் வைத்துத் தேய்க்கவே கூடாது, எண் அழிந்துவிடும்.

2. அந்த எண்ணை செல்போனில் படம் எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

3. இன்ஜெக்டர் குழாய்களை எண்ணி, எத்தனை சிலிண்டர் என்பதை உறுதிசெய்யுங்கள்.

4. பம்பிலும் டைனமோவிலும் இருக்கும் பெயரை இன்ஜின் பெயராக நினைத்து ஏமாறாதீர்கள். மைக்கோ, சி.ஏ.வி., லூகாஸ் போன்றவை அந்தந்தப் பாகத்தைச் செய்தவர்களின் பெயர்கள். ஒரே பம்ப் நிறுவனம் பல இன்ஜின்களுக்குப் பம்ப் கொடுக்கும்.

5. பெர்கின்ஸ் இன்ஜினாக இருந்தால் எண்ணின் தொடக்க எழுத்தைப் பாருங்கள். 1974-க்குப் பிறகு வந்த 3.152 குடும்ப இன்ஜின்களின் எண், ‘சி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். நடுவில் வரும் ‘யு’ என்ற எழுத்து, இங்கிலாந்தில் செய்தது என்பதைக் குறிக்கும்.

6. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தைப் பாருங்கள். புதிதாக வெல்டிங் செய்த தடம், கூடுதலாகச் சேர்த்த தடித்த பிளேட், வெவ்வேறு அளவு போல்ட் இருந்தால், வேறு இன்ஜினைப் பொருத்தியிருக்க வாய்ப்பு உண்டு. அதுவே குற்றம் அல்ல. ஆனால், விலையைக் குறைத்துப் பேச வேண்டிய காரணம்.

7. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால், தண்ணீர் கலக்கிறது என்று பொருள். வெட் லைனர் இன்ஜினாக இருந்தால் அடி கேஸ்கட் மீது முதல் சந்தேகம் வர வேண்டும்.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

*கேள்வி: மாஸி 241-க்கான பிஸ்டன் செட்டை மாஸி 1035-ல் போடலாமா?*

போடக் கூடாது. இரண்டும் மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின்கள்தான் என்றாலும், கொள்ளளவு வேறு. இன்ஜின் எண்ணையும் பழைய பிஸ்டனையும் கையோடு கொண்டுபோய், அளவு பார்த்து வாங்குவதே பாதுகாப்பானது. முன்பே ஒருமுறை போர் அடித்திருந்தால், ஓவர்சைஸ் எண் பிஸ்டன் தலையில் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

*கேள்வி: மாடல் பெயரில் வரும் ‘டி.ஐ.’ என்பது இன்ஜின் நிறுவனத்தின் பெயரா?*

இல்லை. டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் ‘டைரக்ட் இன்ஜெக்‌ஷன்’ முறையின் சுருக்கம் அது. பழைய முறையில் தனியாக ஒரு சின்ன அறைக்குள் டீசலைப் பீய்ச்சுவார்கள். இரண்டுக்கும் ஹெட், பிஸ்டன், இன்ஜெக்டர் மாறும்.

*கேள்வி: தாத்தா காலத்து டிராக்டரில் இன்ஜின் எண் தேய்ந்துவிட்டது. என்ன செய்வது?*

தாங்களே எண்ணைப் பொறிக்க முயலக் கூடாது. அது சட்டச் சிக்கலை உண்டாக்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து, அவர்கள் சொல்லும் நடைமுறைப்படிதான் செய்ய வேண்டும். ஸ்பேர் வாங்குவதற்கு, சிலிண்டர் எண்ணிக்கை, விட்டம், பிஸ்டன் ஓட்ட நீளம், லைனர் வெட்டா டிரையா என்ற நான்கு விவரங்கள் இருந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் இன்ஜினை அடையாளம் கண்டுவிடுவார்.

இறுதியாக ஒன்று. ‘இன்ஜினைச் செய்தது யார்?’ என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே பதில் இருக்காது. வரைந்தவர் ஒருவர், உரிமம் கொடுத்தவர் ஒருவர், வார்த்தவர் ஒருவர், பூட்டியவர் ஒருவர், பெயர் போட்டு விற்றவர் இன்னொருவர். ஸ்பேர் கடைக்குப் போகும்போது வரைந்தவரின் குடும்பமும் அளவும் முக்கியம். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும்போது எண் முக்கியம்.

அடுத்த உழவுக்கு முன், ஒரு ஓய்வு நாளில் பானட்டைத் திறந்து, அந்த எண்ணைத் துடைத்துப் படித்து, வீட்டு நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். நடவு நேரத்தில் வண்டி படுத்தால், ஸ்பேர் கடைக்கு ஓடும் மகனோ மகளோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும். ‘எந்த இன்ஜின்?’ என்ற கேள்விக்கு வாயடைத்து நிற்க வேண்டியிருக்காது.